எண்ணூர்க் கடலில் ஊதாவைத் தேடி

மாலை நாலரை மணிக்கு மழை ஓய்ந்தது. அக்காவும் நானும் கல்மண்டபத்தில் ஆட்டோ பிடித்தோம். எண்ணூருக்கு முந்நூறு ரூபாய்.

அக்கா வசந்தாவுக்கு ராயபுரத்தில் தையல் கடை. இரண்டு கண்ணிலும் புரை. இடக்கண்ணுக்குப் போன மாதம் அறுவை முடிந்தது. வலக்கண்ணுக்கு வேண்டாமென்று ஒரே பிடிவாதம்: "ஒண்ணு போதும்டி." ஆனால் அறுவைக்கு முன் கறுப்பு என்று நினைத்து ஊதா நூலில் தைத்த ரவிக்கை திரும்பி வந்தது அவளை விடவில்லை. வானவில்லில் ஊதாவைப் பார்த்தே தீருவேன் என்று நின்றாள். இரண்டு முறை போய் நனைந்ததுதான் மிச்சம்.

திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றன.

"மழ வுட்டப்புறம் கடலாண்ட இன்னாக்கா கீது?" என்றார் ஓட்டுநர்.

"வானவில்லு பாக்கப் போறோம் நைனா. சந்துல வுடு."

சிரித்துக்கொண்டே திருப்பினார்.

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்வதால் இடம் தேர்ந்தது நான்தான். வெயில் முதுகில் பட வேண்டும், மழை எதிரே இருக்க வேண்டும். மேற்கே மணலிப் பக்கம் மேகம் விலகி, மழை கடல்மேல் நகர்ந்தால் அது நடக்கும்.

ஐந்தேகால். அலை தடுக்கும் கற்கள்மேல் நின்றோம். வானம் சாம்பலாகவே இருந்தது.

"திரும்பிடலாமா அக்கா?"

"நீ வேணா போ. நான் நிக்கிறேன்."

சற்று நேரத்தில் முதுகில் வெயில் சுட்டது. கடல்மேல் முழு வில் எழுந்தது. அக்கா என் கையை இறுகப் பிடித்தாள்.

"வெளில செவப்பு, உள்ளாற ஊதா. ஏன்டி?"

வெள்ளை ஒளி மழைத்துளிக்குள் நுழையும்போது வளைந்து நிறம் நிறமாகப் பிரிகிறது. துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியேறும்போது மீண்டும் வளைகிறது. சிவப்பு சுமார் நாற்பத்திரண்டு பாகைக் கோணத்தில் நம்மிடம் வருகிறது, ஊதா நாற்பதில். அதனால் சிவப்பு மேலே நிற்கிறது என்றேன்.

அவள் வலக்கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு இடக்கண்ணை மூடினாள். மறுபடியும் மாற்றினாள்.

"வலக்கண்ணுல ஊதாவே காணோம்டி! நீலங்கூட மங்கலாத்தான் கீது."

முற்றிய புரை மஞ்சள் கண்ணாடி போல. ஊதாவைப் பெரும்பாலும் உள்ளே விடாது என்றேன். அக்கா வில் கரையும்வரை இடக்கண்ணால் மட்டும் பார்த்தாள்.

புறப்படும்போது கடல்மேல் மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது. வெயில் மறைந்ததால் அதில் ஒரு நிறமும் இல்லை.

ஆட்டோவில் ஏறியதும் அக்கா சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு போன் போடு. அந்தக் கண்ணுக்கும் நாள் கேளு."