ஆத்தாவின் சம்மதம்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கோயில் பூசாரி அவர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய மீசை. எதைத் தொட்டாலும் முதலில் அதற்குத் திருநீறு பூசுவார். பதுளையில் நடந்த அந்தக் கூட்டத்தில் ஒலிவாங்கிக்கும் பூசினார். அது இரண்டு முறை கரகரத்துவிட்டு அடங்கிப்போனது.

குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் மிஞ்சும் கருக்களிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஆராய்வது பற்றி மதத்தலைவர்களின் கருத்தைக் கேட்டுக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். குறிப்பெழுத நான். பிக்குவும் பாதிரியாரும் மௌலவியும் ஆளுக்கு அரைமணி நேரம் பேசினார்கள்.

"நான் யாருங்க சொல்றதுக்கு? ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்" என்று பூசாரி மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தார். ஒன்றில் வெள்ளைப்பூ, மற்றதில் சிவப்புப்பூ. வெள்ளை வந்தால் ஆத்தாவுக்குச் சம்மதம். என் தாளை வாங்கிக் கேள்வியை உரக்கப் படித்தார்.

"அனுமதிக்கலாமா, தடுக்கலாமா?"

தலைமை வகித்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. எல்லோரும் கைதட்டினோம். முதலில் நிறுத்தியவர் அவர்தான்.

"ஓமெண்டால் எதுக்கு ஓம், ஐயா? விடுறதுக்கோ, தடுக்கிறதுக்கோ?"

பூசாரி மீசையைத் தடவினார். "ஆத்தா சரியாத்தாங்க சொல்லிருக்கா. கேள்விய எழுதுனது யாரு?"

எழுதியது நான்.

"இன்னொருக்கா கேப்பமே?" என்றார் டொக்டரம்மா.

"ஒரே விஷயத்த ரெண்டு தடவ கேட்டா ஆத்தாவுக்குக் கோவம் வந்துரும்ங்க."

'தேவி சம்மதம்' என்று மட்டும் எழுதினேன். பூசாரி அந்தத் தாளுக்கும் திருநீறு பூசிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எதற்குச் சம்மதம் என்று கொழும்பிலிருந்து இன்றுவரை யாரும் கேட்கவில்லை.