செத்த கெண்டையும் வாஸ்து மீனும்

தண்ணீரில் கலந்த உலோகம் மீனை என்ன செய்கிறது என்று பார்ப்பது என் தொழில். திருவண்ணாமலையில் அதை ஒருவருக்கு விளக்கி முடிப்பதற்குள் மீனே செத்துவிடும். 'நீ என்ன வேலை பார்க்கிறாய்?' என்று சொந்தக்காரர்கள் கேட்டாலே வியர்க்கிறவரா நீங்கள்? வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

வாடகைக்கு அறை

செங்கம் ரோட்டில் அறை பார்க்கப் போனேன். "அசைவம் கூடாது" என்றார் வீட்டுக்காரம்மா. நான் மீன் சாப்பிடுவதில்லை, ஆய்வகத்தில் ஃப்ரிட்ஜ் பழுதானால் மட்டும் இங்கே கொண்டுவந்து வைப்பேன், செவுளையும் ஈரலையும் அறுத்துச் சோதிப்பதற்குத்தான் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"துன்றதுக்குன்னாகூட பசின்னு சாமி மன்னிச்சிடும். சும்மா அறுத்துப் பாக்கறதுக்கா? வேணாம்மா, நீ வேங்கிக்கால் பக்கம் பாரு."

ஏரிக்கரைக் கூட்டம்

ஊருக்கு வெளியே ஓர் ஏரியில் கெண்டைகள் செத்து மிதப்பதாகத் தகவல் வந்தது. போனால் கரையில் ஒரே கூட்டம். செத்த மீன்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. உயிரோடிருந்த ஒரு பெரிய கெண்டை ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கற்பூரமே ஏற்றிவிட்டார்.

தண்ணீரில் ஏதோ உலோகம் கலந்து அதன் நரம்பைத் தாக்கியிருக்கலாம், பாவம், தவிக்கிறது என்றேன். கற்பூரக்காரர் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்.

"பௌர்ணமிகூட பாக்காம அது வலம் வருது. நமக்குத்தாம்மா பக்தி கம்மி."

மீன் கடை

கரையில் எடுத்துவந்த செத்த கெண்டைகளின் சோதனை முடிவு வந்தது. ஈரலில் நிக்கலும் குரோமியமும் ஏகத்துக்கு ஏறியிருந்தன. அந்த ஏரி மீனை விற்கும் ஏழுமலையிடம் ஓடினேன். மீனில் கன உலோகம் சேர்ந்திருக்கிறது, விற்காதீர்கள் என்றேன். அவர் கையிலிருந்த தராசை ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"கன உலோகம்னா எடை ஜாஸ்தி நிக்குமே மேடம், அத்த ஏன் விக்கக்கூடாதுன்றீங்க?"

முலாம் பட்டறை

உங்கள் வீட்டுக் குழம்பும் இந்த மீன்தானே என்று கேட்டதும் ஏழுமலையின் முகம் மாறிவிட்டது. கடையைச் சாத்திவிட்டு என்னோடு கிளம்பினார். ஏரிக்கு வரும் வாய்க்காலோரமாகவே நடந்தோம். விளக்குகளுக்கு முலாம் பூசும் ஒரு பட்டறையின் பின்பக்கம் அது தொடங்கியது. அங்கேயே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன்.

முதலாளி எங்களை உட்காரவைத்து டீ சொன்னார். "நம்ம தண்ணியால ஒரு ஈ எறும்புகூட சாவாதுங்க" என்றார். அவர் மேசைக்குப் பக்கத்தில், விளக்கு போட்ட கண்ணாடித் தொட்டியில் கொழுகொழுவென்று ஒரு வாஸ்து மீன். தண்ணீரின் நிறம் பார்க்க எனக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. இது உங்கள் வாய்க்கால் தண்ணீர் என்று சொல்லி, பாட்டிலைத் திறந்து அந்த விளக்கருகே தூக்கிப் பிடித்தேன், அவ்வளவுதான். மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ மேடம், ஊத்தாதீங்க! செத்துடும்!"

இப்போது பட்டறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொட்டி கட்டியாகிவிட்டது, ஏழுமலையும் வேறு ஏரி மீன்தான் விற்கிறார். பக்கம் பக்கமாக நான் எழுதிக் கொடுத்த அறிக்கையின் சாரமும் முதலாளி கடைசியாக அலறிய அந்த இரண்டு வார்த்தைதான்.