பத்திலை மாசமும் ஒன்றரை மாத்திரையும்

என் ஆத்துக்காரருக்கு நெஞ்சுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தால், தெருவில் ஆட்டோ சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் டிக் டிக் என்று கேட்கும். ஆரம்பத்தில் அந்தச் சத்தம் எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் அது காதில் விழாவிட்டால்தான் பயம் என்று ஆகிவிட்டது.

அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு மாத்திரை. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றின கையோடு நான் எடுத்துக் கொடுப்பேன். ஆயுசு பூராவும் சாப்பிட வேண்டியது. ரத்தம் அதிகம் கெட்டியானால் வால்வு அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒரு கட்டி மூளைக்குப் போய்விடும். அதிகம் நீர்த்துப்போனால் எங்கேயாவது ஒழுக ஆரம்பித்து நிற்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அவருக்கு அது இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டும். நான் பத்தாம் கிளாஸ் வரைதான் படித்தவள். ஆனால் இந்த இரண்டு நம்பரும் விஷ்ணு சகஸ்ரநாமம் மாதிரி மனசில் பதிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பின அன்றைக்கு நர்ஸ் ஒரு சின்னப் புஸ்தகம் கொடுத்தாள். மேலே மலையாளத்தில், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்று போட்டிருந்தது. நான் இந்த ஊரிலேயே மலையாளம் படித்து வளர்ந்தவள், நன்றாகவே வாசிப்பேன். ஆனால் என்ன செய்தேன் தெரியுமோ? அதற்கு ஒரு மூலையில் மஞ்சள் தடவி, குங்குமம் இட்டு, பூஜை அலமாரியில் பத்மநாப சுவாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அவர் உயிரைக் காப்பாற்றப்போகிற புஸ்தகம் இல்லையா, அதனால் அங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தினம் அதற்கும் சேர்த்து ஒரு பூ வைப்பேன். திறந்து பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்றாம் வருஷம் மழை ஆரம்பித்ததும் அவர் ரொம்பச் சோர்ந்து போனார். சாப்பாடு இறங்கவில்லை. கிழக்கேகோட்டைக் கோவிலுக்குத் தினம் காலையில் நடந்து போய் வருகிறவர், பாதி வழியில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டு வருவதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அந்தச் சேச்சிதான் கர்க்கடக மாசம் பிறந்த அன்று வாசலில் வந்து நின்றாள். நம் ஆடிதான் இங்கே கர்க்கடகம். இந்த ஊர்க்காரர்கள் அந்த மாசம் உடம்பைத் தேற்றுகிற மாசம் என்று வைத்திருக்கிறார்கள். பத்து விதமான இலைகளைப் பறித்துத் தேங்காய் போட்டுத் துவரன், நம் பொரியல் மாதிரி, பண்ணிச் சாப்பிடுவார்கள். பத்திலை என்று பேர். தகரை, மூக்கிரட்டை, சேம்பு இலை, பூசணி இலை, பயறு இலை, கோவை இலை என்று அவள் தோட்டத்திலேயே முக்கால்வாசி கிடைக்கும்.

“மாமீ, சாருக்கு இது கொடுத்து நோக்கு. ஒரு மாசம் கொண்டு ஆளு எழுந்நேற்று ஓடும்” என்றாள் சேச்சி, முறத்தில் இலையைக் கொட்டிக்கொண்டே.

வழக்கமாக அந்த மாசத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ பண்ணுவேன், அவ்வளவுதான். இந்தத் தடவை மனசு கிடந்து அடித்துக்கொண்டதில் ஒரு நேர்ச்சையாகவே வைத்துக்கொண்டேன். கர்க்கடகம் ராமாயண மாசம் ஆச்சே. தினம் சாயங்காலம் ராமாயணம் வாசிப்பேன், தினம் மத்தியானம் அவருக்கு இலைக்கறி பண்ணிப் போடுவேன், முப்பது நாளும் ஒரு நாள்கூட விடமாட்டேன், நீ அவரை எனக்கு எழுப்பிக் கொடு என்று பெருமாளிடம் சொன்னேன்.

ஒரு வாரம் ஆனதும் அவர் இலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏண்டி, நான் என்ன ஆடா? நாளைக்குக் கழுத்தில கயிறு கட்டிக் கொல்லையில விட்டுடுவயோ?”

“விட்டாலும் விடுவேன். ஆடாவது பேசாம சாப்பிடும்.”

“அது சரி. ஆட்டுக்கு உப்புக் கம்மியாப் போட்டாலும் தெரியாது.”

அப்படி அவர் பேசுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம். நிஜமாகவே முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. ராமனும் இலையும் சேர்ந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த வாரம் ரத்தம் பார்த்தபோது ஐ.என்.ஆர். ஒன்று புள்ளி ஏழு. கீழே இறங்கியிருந்தது. டாக்டர் முகம் சுருங்கியது.

“மாத்திரை விட்டுப்போச்சா?” என்றார்.

“ஒரு வேளைகூட இல்லை. என் கையாலதான் கொடுக்கறேன்.”

“புதுசா வேற மருந்து? கஷாயம், அரிஷ்டம், வலி மாத்திரை?”

“ஒண்ணுமே இல்லை டாக்டர்.”

நான் பொய் சொல்லவில்லை. கஷாயம் மருந்து, அரிஷ்டம் மருந்து. துவரன் சாப்பாடு. சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, கேட்டாலும் நம் வீட்டுச் சமையலை டாக்டரிடம் போய் என்ன சொல்வது என்றுதான் இருந்திருப்பேன். ஒன்றாக இருந்த மாத்திரையை ஒன்றே கால் ஆக்கினார். அடுத்த வாரமும் ஏறவில்லை. ஒன்றரை ஆக்கினார். மாத்திரையைப் பிளேடால் இரண்டாக வெட்டுவேன். பாதி தெறித்து அடுப்படியில் விழுந்துவிடும், அதைத் தரையில் தடவித் தேடி எடுப்பேன். இலைக்கறியை மட்டும் விடவில்லை. ஐ.என்.ஆர். ஏறாமல் இருக்க இருக்க, இன்னும் பக்தியாகப் பண்ணினேன். ஒரு பிடிக்கு இரண்டு பிடி.

மாசக் கடைசியில் இரண்டரை வந்தது. டாக்டர் சிரித்தார். “நல்லது. இதே அளவு போகட்டும். மூணு வாரம் கழிச்சு வாங்கோ.” நான் வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன்.

மறுநாள் சிங்க மாசம், நம் ஆவணி, பிறந்தது. ராமாயணத்தை முடித்துப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்து வைத்தேன். நேர்ச்சையும் முடிந்தது. இலைக்கறியை நிறுத்தினேன். சேச்சியும் இலை கொண்டுவரவில்லை, அவளுக்கு ஓண வேலை ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டில் கத்திரிக்காயும், தடியங்காய் என்கிற நீர்ப்பூசணியும் வந்தது. ஒன்றரை மாத்திரை மட்டும் அப்படியே நின்றது.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கோவிலிலிருந்து வந்தவர் சாப்பிட உட்கார்ந்ததும் தனக்குத்தானே சிரித்தார்.

“என்ன சிரிப்பு?”

“இன்னிக்குக் கோவில்ல எல்லார் முன்னாலயும் உன் மானம் போச்சு. மாமி கை நீண்டுடுத்து போலிருக்கே, எதால அடிச்சா, கரண்டியா பூரிக்கட்டையான்னு பக்கத்தில நின்னவன் கேக்கறான்.”

எங்கள் கோவிலில் ஆண்கள் சட்டையில்லாமல்தான் உள்ளே போக வேண்டும். நானும் சிரித்தேன். அப்புறம் எழுந்து போய் அவர் முதுகுப் பக்கம் துண்டை விலக்கிப் பார்த்தேன். இடது தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது.

“எங்க இடிச்சுண்டேள்?”

“எங்கயும் இல்லை.”

“இடிக்காம எப்படி வரும்?”

“பஸ்ல கம்பி பட்டிருக்கும், விடு. சாதம் ஆறிப்போறது.”

இரண்டு நாளாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. சொன்னால் கோவிலுக்குப் போக விடமாட்டேன் என்று பயம். எனக்கும் அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் பரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம்தானே இருக்கிறது என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணி. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். “இந்தா, ஒரு துணி கொடு” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வந்து பார்த்தால் பேப்பர் மேல் சொட்டுச் சொட்டாக ரத்தம். மூக்கிலிருந்து. துண்டைக் கொடுத்து மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, நிற்கவில்லை. துண்டு நனைந்து இன்னொன்று எடுத்தேன். அதுவும் நனைந்தது. பத்மநாபா, பத்மநாபா என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

சேச்சிதான் ஆட்டோ பிடித்தாள். கோட்டை வாசல் பக்கம் பஸ்கள் வரிசையாக நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தன. ஆட்டோக்காரர் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. குலுங்குகிற ஒவ்வொரு குழியிலும் அவர் தலை எங்கேயும் இடித்துவிடக் கூடாது என்று என் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மூக்கில் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, தலைக்குள்ளே வந்தால் யாருக்குத் தெரியும்? அவர் துண்டுக்குள்ளேயிருந்து பேசினார்.

“அடுப்பை அணைச்சியா?”

“பேசாதேங்கோ.”

“அணைச்சியான்னு கேட்டேன்.”

எனக்கு ஞாபகம் இல்லை. அணைத்ததாகச் சொன்னேன்.

ஐ.என்.ஆர். ஏழுக்கு மேல் போயிருந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள், மூக்கில் பஞ்சு அடைத்தார்கள், ரத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மருந்து கொடுத்தார்கள். அதையும் கொஞ்சமாகத்தான் கொடுக்க முடியும், அதிகமானால் வால்வில் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆபத்து. நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். வேறு மருந்து ஒன்றும் இல்லை.

ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பினாள். நாற்பது வயசுக்காரி, நெற்றியில் சந்தனம். “மாமீ, கர்க்கடகத்தில் பத்திலை கழிச்சோ?” என்று கேட்டாள்.

சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். சாப்பிட்டோம், முப்பது நாளும், நேர்ச்சை என்றேன். சொல்லும்போது பெருமையாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கு விளக்கினார். பச்சை இலைகளில் ரத்தத்தை உறைய வைக்கிற சத்து ஒன்று இருக்கிறது. அந்த மாத்திரை அதற்கு எதிராக வேலை செய்கிறது. நான் மாசம் பூராவும் இலையைப் போட்டு மாத்திரையை மடக்கினேன். அது தெரியாமல் டாக்டர் மாத்திரையை ஏற்றினார். நான் சட்டென்று இலையை நிறுத்தினதும், ஏற்றின மாத்திரைக்குத் தடுப்பு இல்லாமல் போயிற்று.

“நீங்க சொல்லலை. நானும் சாப்பாட்டைப் பத்திக் கேக்கலை. கேட்டிருக்கணும்” என்றார் டாக்டர்.

“இவ மேல தப்பு இல்லை டாக்டர்” என்று படுத்திருந்தவர் மூக்கடைத்த குரலில் சொன்னார். “இந்த ஆட்டைக் கேட்டிருந்தாலே சொல்லியிருக்கும்.”

நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது, சேச்சி அணைத்திருக்கிறாள். குளித்துவிட்டு நேரே பூஜை அலமாரிக்குப் போய் அந்தப் புஸ்தகத்தை எடுத்தேன். குங்குமம் படிந்து பக்கங்கள் ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்தேன். ஆறாம் பக்கத்தில் ஒரு கீரைக்கட்டுப் படமே போட்டிருந்தது. இலை வகைகளைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். அடுத்த பக்கத்தில், காரணமில்லாமல் உடம்பு கன்றினாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, மலம் கறுத்தாலோ உடனே வாருங்கள், தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் வாருங்கள் என்று இருந்தது. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்க்காதீர்கள் என்றும் இருந்தது. மூன்று வருஷமாக நான் பூ வைத்துக் கும்பிட்ட எழுத்து.

சுவாமி முன்னால் போய் உட்கார்ந்தேன். நேர்ச்சையில் குற்றம் வந்துவிட்டதோ என்று ஒரு பயம். உன்னைக் கும்பிட்டுத்தானே செய்தேன் என்று ஒரு கோபம். கடைசியில் ஒன்றுதான் தோன்றியது. அவன் அந்தப் புஸ்தகத்தை என் கையில் கொடுத்துத்தான் வைத்திருந்தான், பிரிக்க வேண்டியவள் நான்.

சேச்சி அதற்கப்புறம் ஒரு மாசம் எங்கள் வாசலுக்கு வரவில்லை. தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டாளாம். நானே போய்க் கூட்டிவந்து காப்பி கொடுத்தேன்.

போன கர்க்கடகத்தில் மறுபடி வந்தாள். முறம் இல்லை, ஒரு சின்னக் கிண்ணத்தில் தகரை இலை. “டாக்டரோடு சோதிச்சோ மாமீ?” என்று வாசலிலேயே நின்று கேட்டாள். கேட்டுவிட்டேன் என்றேன். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு ஒரு கரண்டி இலைக்கறி, வருஷம் பூராவும் அதே கரண்டி. பத்திலை மாசம் ஆனாலும், ஓணம் ஆனாலும், துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை வந்தாலும் அந்தக் கணக்குக்கு உள்ளேதான். மீதி இலையை நான் சாப்பிடுவேன்.

புஸ்தகம் இப்போது அடுப்படியில் மாத்திரை டப்பா பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாளில் மட்டும், ரிசல்ட் வரும்வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. அவர் மத்தியானம் படுத்திருப்பார். நான் அரிசி பொறுக்குகிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன், அந்த டிக் டிக் கேட்கும் தூரத்தில். போன வாரம் ரத்தம் கொடுத்த அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அவர்தான் எழுந்து எடுத்துக் கேட்டார்.

“ரெண்டு புள்ளி ஒன்பது” என்றார். “போய்ச் சாயங்காலத்துக்கு மாத்திரையை எடுத்து வை, ஆட்டுக்காரி.”