பதினாலுக்குப் பதினாலு

எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்த மனிதருக்கு நாங்கள் தமிழ்ப் பெண்கள் என்பது மட்டும்தான் தெரியும். ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒற்றுமையாக ஆடுவார்கள் என்று நினைத்துவிட்டார். இளையர் பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் அவர். வெள்ளைக்காரக் கலப்புள்ள யூரேசியர், ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா மாவு மில் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மிளகாய் அரைக்கும் மிஷின் பக்கத்தில் நிற்பது என் வேலை. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் அந்த நெடி போகாது. அவளுடைய அப்பா துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்டுச் சொந்தமாகக் கோர்ட் வைத்திருந்தார்கள். நான் பயிற்சிக்குப் போன முதல் நாள் அவள் என்னைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தும்மல் போட்டாள். பொய்த் தும்மல். சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு இரண்டு வருடம், நான் உள்ளே நுழையும்போதெல்லாம் யாராவது ஒருத்தி தும்முவாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் அவள் துவாலையில் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைத் தூவி வைத்தேன். அன்றைக்கு நிஜமாகவே தும்மினாள். கண் இரண்டும் கோவைப்பழமாகி, குழாயடியில் அரைமணி நேரம் நின்றாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும். தெரியட்டும் என்றுதான் செய்தேன்.

இப்படிப்பட்ட நாங்கள் கோர்ட்டில் இறங்கினால் மட்டும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். 'அடி', 'விடு'. அவ்வளவுதான். உயரத் தூக்கிய ஷட்டிலை அடிக்கப் பின்னால் ஓடுகிறவளுக்குக் கண்ணெல்லாம் மேலே இருக்கும், கோடு தெரியாது. கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியது பக்கத்தில் நிற்கிறவள் பொறுப்பு. உள்ளே விழுமென்றால் அடி. வெளியே போகுமென்றால் விடு. இரண்டு வருடத்தில் நானும் தப்பாகச் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. அவள் 'விடு' என்றால் நான் யோசிக்காமல் கையை இறக்கிவிடுவேன். பச்சைத் தண்ணீர்கூட அவள் கையால் வாங்கிக் குடிக்கமாட்டேன், ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பினேன். அவளும் அப்படித்தான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம், அனைத்துலக இளையர் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. பர்மா, தாய்லாந்து, ஹாங்காங் என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். தொடங்குவதற்கு முதல்நாள் தேர்வாளர் எங்களைக் கூப்பிட்டார். போட்டி முடிந்ததும் எங்களில் ஒருத்தியை மூத்தோர் அணிப் பயிற்சிக்கு எடுக்கப்போவதாகச் சொன்னார். ஒருத்தியைத்தான், ஓர் இடம்தான் காலி என்றார். சொல்லிவிட்டு, "சேர்ந்து நன்றாக ஆடுங்கள்," என்று வேறு வாழ்த்தினார். என்ன மனிதரோ!

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தாமலேயே, "எடுத்தாங்கன்னா போய் ஆடு, நான் குறுக்க வரல. எடுக்கலைன்னா அதோட ராக்கெட்ட மூட்டை கட்டி வச்சிட்டு மில்லுல முழுநேரமா நில்லு," என்றார். பள்ளிப் படிப்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அப்பா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளுக்கோ இது இல்லாவிட்டால் டைப்ரைட்டிங், அதுவும் இல்லாவிட்டால் ஆபீஸ் வேலை. எனக்கு மிளகாய் மூட்டை. அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

அரையிறுதிக்கு வந்தோம். எதிரே தாய்லாந்து ஜோடி. கேலாங் பக்கத்து மண்டபத்தில் பிற்பகல் ஆட்டம். காற்று அடித்தால் இறகு திசை மாறும் என்று கதவுகளைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். உள்ளே இட்லிச் சட்டிதான். பலகைப் படிகளில் உட்கார்ந்திருந்த கூட்டம் காலால் தட்டித் தட்டிக் கத்தியது. தேர்வாளர் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில்தான் அவள் வேலையைக் காட்டினாள். நான் பின்னால் நின்று மாடு மாதிரி உழைத்து ஷட்டிலைத் திருப்பித் திருப்பி அனுப்புவேன். எதிராளிகள் களைத்து ஒன்றைச் சின்னதாகத் தூக்குவார்கள். அவள் வலைக்குப் பக்கத்திலிருந்து ஒரே தட்டு, புள்ளி. கூட்டம் அவளுக்குக் கைதட்டும். தேர்வாளர் எழுதுவார். நான் அடித்த இருபதில் ஒன்றைக்கூட அவர் எழுதியதாகத் தெரியவில்லை.

பக்கம் மாறும்போது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ பின்னாடியே நில்லு லா. முன்னாடி வந்து கெடுக்காதே. அவர் யாரைப் பார்க்கிறாருன்னு தெரியுதில்ல?"

தெரிந்தது. ஜெயித்தால் அந்த இடம் அவளுக்கு. என் முதுகு ஒடிய ஜெயித்து, அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நான் மில்லுக்குப் போகவேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுகூட அப்படி ஒரு எண்ணம் மனதில் இல்லை.

பதினாலுக்குப் பதினாலு. இன்னும் ஒரே புள்ளிதான், சர்வீஸ் அவர்கள் கையில். நீளமாக ஆடினோம், ஆட்ட வேகத்தில் இடம் மாறிப் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவர்களில் குட்டையாக இருந்தவள் ஷட்டிலை உயரத் தூக்கினாள். அது என் ஜோடியின் தலைக்கு மேலே போய்ப் பின்மூலையில் இறங்கியது. அவள் ராக்கெட்டை ஓங்கிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓடினாள். நான் கோட்டைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் ஷட்டில் எப்படி இறங்கும் என்று எனக்கு அத்துப்படி. உள்ளேதான் விழும். துளிகூடச் சந்தேகமில்லை.

"விடு!" என்று கத்தினேன்.

அவள் அந்தக் கணமே கையை இறக்கினாள். ஷட்டில் கோட்டுக்கு நாலு விரல்கடை உள்ளே விழுந்தது.

 கூட்டம் எங்களுக்கே "ஊ" என்று கத்தியது. அவள் கீழே கிடந்த ஷட்டிலைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் விரித்து, 'இதைப் போய் விட்டுவிட்டாயே' என்பதுபோல் தலையில் அடித்துக்கொண்டேன். கூட்டத்துக்காக, முக்கியமாக அந்த நோட்டுப் புத்தகத்துக்காக. இத்தனை வருடம் கழித்தும் அந்த 'விடு'வுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. கையை விரித்ததற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து தேர்வாளர் எங்களைப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறைக்குக் கூப்பிட்டார். ராக்கெட்டோடு அப்படியே போய் நின்றோம். அவர் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஏன் விட்டாய்?"

 இவள்தான் சொன்னாள் என்று போட்டுக்கொடுப்பாள், நான் சொல்லவே இல்லை என்று சாதிக்கவேண்டும். அந்தச் சத்தத்தில் தமிழில் கத்தியது யாருக்குக் கேட்டிருக்கும்? பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"வெளியே போகும் என்று நினைத்தேன், சார்," என்றாள்.

"உன் பார்ட்னர் என்ன சொன்னாள்?"

"ஒன்றும் சொல்லவில்லை, சார். அவள் எப்போதுமே சொல்லமாட்டாள். நானேதான் பார்த்துக்கொள்வேன்."

படுபாவி! இரண்டு வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் துடைத்துப் போட்டுவிட்டாள்.  தேர்வாளர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ இரண்டடி தள்ளித்தான் நின்றாய். கையை விரித்தாயே, பார்த்தேன். உள்ளே விழப்போகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை?"

நான் குரல் கொடுத்தேன் என்றால், என்ன சொல்லிக் குரல் கொடுத்தாய் என்று கேட்பார். தெரியவில்லை என்றால், கையை ஏன் விரித்தாய் என்பார்.  அவர் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு கோடு கிழித்தார். கோடு பார்க்கத் தெரியாதவளும் வேண்டாம், பார்த்தும் சொல்லாதவளும் வேண்டாம், வேறு பள்ளியில் ஒரு பெண் இருக்கிறாள், அவளை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதோடு எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். 

"ஏண்டி பொய் சொன்னே? நான் குரல் குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தே," என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

"நான்தான் விடச் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே. உனக்காவது கெடச்சிருக்கும்."

"எதுக்குச் சொல்லணும்? உன்னைப் போய் நம்பினேன்னு ஊருக்கெல்லாம் தெரியவா? அதுக்கு நான் கண்ணு தெரியாதவளாவே இருந்துட்டுப் போறேன்." கையால் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைக் காட்டினாள். "உனக்கு வேணும்னா போய்ச் சொல்லு. உள்ளதான் இருக்காரு. விடுன்னு கத்தினேன் சார்னு சொல்லு. ஏன் கத்தினேன்னும் சேர்த்துச் சொல்லு. போ, வாயில என்ன கொழுக்கட்டையா?"

போனேன். நிஜமாகவே சொல்லிவிடுவது என்றுதான் போனேன். எனக்கு என்ன கெட்ட பேர் வந்தாலும் பரவாயில்லை, அவள் வாயை அடைத்தால் போதும் என்ற வெறி. கதவைத் தள்ளினேன். தேர்வாளர் தலை நிமிர்ந்து, "என்ன?" என்றார். பின்னால் அவள் நகராமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"ராக்கெட்டை இங்கே மறந்து வைத்துவிட்டேன், சார்," என்றேன்.

அவர் என் வலது கையைப் பார்த்தார். ராக்கெட் அதில்தான் இருந்தது.