குமிழி நின்றால்

எங்கள் தெருவில் பஞ்சர் ஒட்டுகிறவரைக் காத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். சரியான வாயாடி. "அந்த ஆணி உங்களுக்காகவே காத்துக் கிடந்திருக்கு, அண்ணே" என்று வண்டிக்காரரைச் சீண்டிக்கொண்டே டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குவார். குமிழி கிளம்பும் இடத்தில் கட்டைவிரல் சட்டென்று போய் உட்காரும்.

அவர் மனைவி, பக்கத்திலிருக்கும் என் தையல் கடையில் கொக்கியும் பொத்தானும் தைப்பவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும், அந்த மருந்து பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்களிடம் மூச்சுவிடாமல் நிறுத்திவிட்டாள். அந்த யாரோ மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் கத்தரிக்கோல்தான் பேசியிருக்கும்.

ஒரு மதியம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நழுவவிட்டாள்.

"அக்கா... முடியல..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நீலமாகிவிட்டது. நான் போட்ட கூச்சலில் காத்துக்காரர் கிரீஸ் கையோடு ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் அந்தக் கையாலேயே அவள் முதுகைத் தடவிக்கொண்டு வந்தார்.

அவளுக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அன்றே வலி கண்டு, எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது. நுரையீரல் முற்றவில்லையாம். மூக்கில் மெல்லிய குழாயை மாட்டி, காற்று வெளியேறும் குழாயின் நுனியை ஒரு தண்ணீர் ஜாடிக்குள் விட்டிருந்தார்கள். ஜாடியில் குமிழி குமிழியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

பார்த்ததும் காத்துக்காரர் அலறிவிட்டார்.

"சிஸ்டர்! லீக் ஆகுது! புள்ளைக்குப் போற காத்தெல்லாம் தண்ணியில போகுது!"

ஜாடிப் பக்கம் போன கையை நர்ஸ் எட்டிப் பிடித்தாள்.

"தொடாதீங்க! இந்தக் குமிழி வந்துக்கிட்டேதான் இருக்கணும். அப்பதான் நுரையீரல் சுருங்கிப்போகாது. நின்னுச்சுன்னா உடனே என்னைக் கூப்பிடுங்க."

ஆயுசு முழுக்கக் குமிழியை நிறுத்தியே பிழைத்த மனுஷன், அது நின்றுவிடக் கூடாதே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணை இமைக்கக்கூடப் பயம். வார்டில் படுத்திருந்த மனைவி அவரிடம் கேட்பது ஒன்றுதான்.

"குமிழி வருதா?"

"வருது."

"எல்லாம் என்னாலதானே..."

"வருதுன்னு சொல்றேன்ல!"

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும், குழந்தையருகே தான் இருப்பதாகச் சொல்லி அவரைக் கடைக்கு விரட்டினாள். வந்தார். முதல் டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி கிளம்பியது. கட்டைவிரல் போகவில்லை.

"அதோ வருதேண்ணே, அடைங்க" என்றார் வண்டிக்காரர். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன்.

அவருடைய போன் அடித்தது. எடுக்கப் பயந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மறுமுனையில் அவர் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"குமிழி நின்னுடுச்சுங்க..."

காத்துக்காரர் டியூபை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நர்ஸைக் கூப்பிடுடி!" என்று கத்தினேன்.

"அவங்கதாங்க்கா நிறுத்துனாங்க. குழாயை எடுத்துட்டாங்க. பாப்பா தானா மூச்சு விடுறா."

சொல்கிற வரிசையா இது! திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கக்கா" என்றார் அவர். அவள் சொன்னாள். எழுந்தார். டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.