எதிரிக்கும் மடித்துக் கொடுக்கும் புரதம்

பெர்கன் நகரத்தில் மத்தியானச் சாப்பாடு என்பது காகிதத்தில் சுற்றிய பாண், அதாவது ரொட்டித் துண்டுகள்தான். 'மாட்பாக்கே' என்பார்கள். ஆய்வுகூடத்தில் ஆளுக்கொரு பொதியைப் பிரித்துத் தங்கள் பாட்டில் தின்பார்கள். பக்கத்தில் இருப்பவனைச் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள். வந்த புதிதில் என் ரொட்டியில் பாதியைப் பேராசிரியை இங்கிரிட்டிடம் நீட்டினேன். "ஏன், பழுதாகிவிட்டதா?" என்று கேட்டார். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு இந்த வழக்கம் பிறகு பிடித்துப்போயிற்று. அதற்குக் காரணம் இருக்கிறது.

என் வேலை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களோடு. உள்ளே நுழைகிற வைரஸுக்குத் தன் மேலோட்டைத் தானாகக் கட்டத் தெரியாது. அதன் துண்டுகள் ஒழுங்காக மடியாமல் கட்டிபட்டுப் போகும். பாக்டீரியாவின் சொந்தப் புரதம் ஒன்றுதான் அவற்றைப் பக்குவமாக மடித்துக் கொடுக்கிறது. ஓடு கட்டி முடிந்ததும் புது வைரஸ்கள் பாக்டீரியாவையே உடைத்துக்கொண்டு வெளியேறும். இதை இங்கிரிட் முதன்முதலில் விளக்கியபோது எனக்கு ரவியின் ஞாபகம் வந்தது.

ரவி என் அண்ணையின் கூட்டாளி. ஊரில், கோப்பாயில், படையினருக்குப் பயந்து எங்கள் வீட்டில் மாதக்கணக்காக ஒளிந்திருந்தான். அவன் காலில் புண் வந்தபோது அம்மாதான் தன் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டார். பிறகு ஒருநாள் சொல்லாமல் போய்விட்டான். அடுத்த கிழமை படையினர் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் கோயில் வீதியில் இருத்தினார்கள். பிடிக்க வேண்டிய ஆளைத் தலையசைத்துக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அண்ணைக்கு நேரே வந்ததும் அவன் தலையை ஆட்டினான். அவன் காலில் அம்மாவின் நீலச் சேலைத் துண்டு. அண்ணை திரும்பி வரவேயில்லை. சாக்குக்குள் இருந்தது யார் என்று அம்மாவிடம் சொன்னவன் நான்தான்.

போன கிழமை அம்மாவின் குரல் ஒரு கசெற்றில் வந்து சேர்ந்தது.

"தம்பி, ரவி வந்தவன். எலும்பும் தோலுமா வாசலிலை நிண்டு, பசிக்குது எண்டான். புட்டு அவிச்சுக் குடுத்தனான். கோவிக்காதை அப்பன். மற்றப் பக்கம் வெறுமையா விட்டிருக்கிறன், நீ கதைச்சு அனுப்பு."

ரவி செய்தது ஒருபுறம் இருக்கட்டும். அம்மா எனக்கு இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த நாள் இங்கிரிட்டிடம், வைரஸுக்கு மடித்துக் கொடுக்கும் அந்தப் புரதமே இல்லாத பாக்டீரியா ஒன்றை உருவாக்கினால் என்ன என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். புதுப் பரிசோதனை ஒன்றில் எனக்கு ஆர்வம் வந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"அந்த பாக்டீரியா பிழைக்காது. அதன் சொந்தப் புரதங்களை மடிப்பதும் இதுதானே" என்று சொல்லிவிட்டுப் பாணைக் கடித்தார்.

பின்னேரம் என் அறையில் கசெற்றைத் திருப்பிப் போட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். கேட்க வேண்டியதையெல்லாம் மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன்.

"அம்மா, சாப்பிட்டியளோ?" என்றுதான் வாயில் வந்தது.

மிச்சப் பக்கம் முழுவதும் பெர்கன் மழை பதிந்திருக்கிறது.