நூற்றெட்டு எடுத்த பிள்ளை

எங்கள் பள்ளிக்கூட அதிபர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர்த்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மாகாணக் கணிதப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரேயோர் இடம். தவணைப் பரீட்சையில் முதலாவதாக வருபவருக்கே அது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். தொண்டைமானாற்றிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை, கடற்தொழிலாளியின் மகள், அதற்காகவே விழுந்து விழுந்து படித்தாள். தொண்ணூற்றெட்டு எடுத்தாள். அடுத்து வந்த பெடியனுக்குத் தொண்ணூறு.

மற்றவர்களின் புள்ளிகள் படுமோசம். பெற்றோர் கூட்டம் வருகிறதே என்று அதிபர் எல்லோருக்கும் பத்துப் புள்ளி கூட்டச் சொல்லிவிட்டார்.

"ஒருத்தருக்கும் கூடக் குறைய இல்லை ரீச்சர். எல்லாருக்கும் ஒரே பத்து. இதிலை என்ன பிழை?"

கணக்குப்படி பிழை இல்லைதான். அதே வாரம் நான் வகுப்பில் நியம விலகல் படிப்பித்திருந்தேன். புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் அளவு அது. எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் சராசரி ஏறும். நியம விலகல் அசையாது. ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர்களைப் போலத்தான். எல்லோரும் நகர்கிறார்கள், ஒருவருக்கொருவர் உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது.

ஆனால் தொண்ணூற்றெட்டோடு பத்தைக் கூட்டினால் நூற்றெட்டு. கோயில் அர்ச்சனைக்கு நூற்றெட்டு இருக்கலாம், புள்ளிப் பட்டியலில் இருக்கக்கூடாதாம். அலுவலகத்தில் அதை நூறாக வெட்டிவிட்டார்கள். பெடியனுக்கும் நூறு. பட்டியலைப் பார்த்ததும் திரும்பக் கணித்தேன். நியம விலகல் சுருங்கியிருந்தது. எல்லோருக்கும் ஒரே பத்து என்றாரே, அவளுக்குக் கிடைத்தது வெறும் இரண்டு!

பட்டியலோடு அதிபரிடம் ஓடினேன். அவர் சாவகாசமாக இருந்தார்.

"ரெண்டு பேரும் நூறு. நான் ஆரை அனுப்பிறது? வெள்ளிக்கிழமை முருகன் கோயிலிலை பூக்கட்டிப் பாத்திட்டன். வெள்ளைப் பூ அவள், சிவப்புப் பூ அவன். சிவப்பு வந்திட்டுது."

"சேர், பழைய புள்ளியைப் பாருங்கோ. எட்டுப் புள்ளி வித்தியாசம் இருக்கு."

"பெற்றோருக்குக் காட்டின பட்டியலை இனி மாத்தேலாது. கடவுள் சொன்னதுக்கு மேலை கதைக்கிறியளோ?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முருகனிடம் கேட்கப் போனவர், அந்த எட்டுப் புள்ளியை வெட்டியது தாங்கள்தான் என்று சொல்லிவிட்டா கேட்டார்? கணக்கைக் குழப்பியது இவர்கள், பழி மட்டும் சாமிக்கு. அதிகாரிகளுக்கு எழுதுகிறேன் என்று கத்தினேன். எழுதினேன். பதில் வரவில்லை. பெடியன் போட்டிக்குப் போய்வந்தான். அவன்மேல் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பிள்ளை என்னோடு சேர்ந்து கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "முருகன் சொன்னாச் சரி ரீச்சர்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

அடுத்த தவணைப் பரீட்சையில் அவளுடைய விடைத்தாளைத் திருத்தினேன். எல்லாம் சரி. பத்துப் புள்ளிக்குரிய கடைசிக் கணக்கை மட்டும் தொடவே இல்லை. வகுப்பில் அவள் கரும்பலகையில் செய்துகாட்டிய கணக்கு அது. கூப்பிட்டு, ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"தொண்ணூறு எடுத்தாக் காணுந்தானே ரீச்சர்," என்றாள். "மிச்சத்தை அவையள் கூட்டுவினம். மேலை போனா வெட்டிப்போடுவினம்."